பத்து மீட்டர் எவர்சில்வர்

டெனிஸ்: அது வேண்டாங்க. அந்த ஜிஐ இரும்புச் சங்கிலி பாக்கவே அழுது வடியுது. பளபளன்னு தொங்குதே, அந்த எவர்சில்வர்லயே வெட்டுங்க.

மெரே: நங்கூரத்துக்குத்தானே? கழுத்துல போட இல்லையே?

டெனிஸ்: ஆரம்பிச்சுட்டீங்களா! ஒபுவா துறைமுகத்துல மெரே கடைக்குப் போனா வாய் சும்மா இருக்காதுன்னு சொன்னாங்க...

மெரே: சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஜிஐயில துரு ஏறினா கண்ணுக்குத் தெரியும், மாத்திடலாம். எவர்சில்வர் சேத்துல புதைஞ்சு கிடந்தா, பளபளப்பு குறையாமலே விரிசல் விடும். அறுந்தப்புறம்தான் தெரியும். எத்தனை மீட்டர்?

டெனிஸ்: பத்து.

மெரே: பத்தா! எங்க நங்கூரம் போடப்போறீங்க, குளிக்கிற தொட்டியிலயா?

டெனிஸ்: பழசு ஐம்பது இருக்கு. அதோட மாட்டிக்குவேன்.

மெரே: பழசு ஜிஐயா? துருவா?

டெனிஸ்: கொஞ்சம்...

மெரே: கொஞ்சம்னா?

டெனிஸ்: கையில எடுத்தா செதில் செதிலா உதிரும்.

மெரே: அட கடவுளே! அதோட எவர்சில்வரைக் கோத்தா, உப்புத் தண்ணி மிச்ச இரும்பையும் தின்னுடும். இது தெரியாமலா படகு வச்சிருக்கீங்க?

டெனிஸ்: தெரியும், தெரியும். நானா அதை வச்சு நங்கூரம் போடப்போறேன்? படகை விக்கிறேங்க. நாளைக்குப் பாக்க வர்றாங்க. சங்கிலிப் பெட்டியைத் திறந்தா மேலாப்ல கிடக்கிறதைத்தான் பாப்பாங்க. அடியில யாரு கையை விடுறா?

மெரே: ...ம். வாங்குறது யாரு?

டெனிஸ்: சின்னப் பொண்ணு. அனஹேராவாம். புயல் காலம் முடிஞ்சதும் கடல் தாண்டி டோங்கா தீவுக்குப் போறாளாம்.

மெரே: ...தனியா?

டெனிஸ்: தனியாத்தான். தைரியம் பாருங்க!

மெரே: அங்க அடியெல்லாம் பவளப்பாறை. ராத்திரி காத்து திரும்பி, சங்கிலியும் அறுந்தா... தூங்கிட்டிருக்கிறவளை அப்படியே பாறையில கொண்டு அடிக்கும்.

டெனிஸ்: அது அவ பாடு. எடுத்துச் சொல்ல வீட்டுல ஆள் இல்லையா?

மெரே: இருக்காங்க. போகாதேன்னு அம்மா கத்தினதுல, ஆறு மாசமா அவங்களோட பேச்சே இல்லை.

டெனிஸ்: அடேங்கப்பா... ஊர்க்கதை எல்லாம் கடையிலயே கிடைக்குது. உங்களுக்கு யாரு சொன்னா?

மெரே: கத்தினதே நான்தான். இந்தாங்க, ஜிஐ, புதுசு, அறுபது மீட்டர். பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டுங்க, காசு வேண்டாம். என் கடைச் சரக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க... கழட்டி வச்சுட்டுப் போயிடுவா.