லேண்ட்மாஸ்டரின் பின்கதவு

லேண்ட்மாஸ்டர் காருக்குக் கிரீம் கலர்தான் எடுப்பாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். கறுப்பு அடித்தால் சாவு வீட்டுக்கு வந்த வண்டி மாதிரி தெரியும்.

தேவதானத்தில் ஒரு மாந்தோப்பில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. ஐம்பத்தாறாம் வருஷத்து மாடல். எண்பத்தேழில் வாங்கி, ராஜபாளையத்தில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பின்னால் வைத்து இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். டீசல் இன்ஜின் ஏற்றினேன். சீட்டுக்கெல்லாம் புது ரெக்சின். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கனமான கண்ணாடித் தடுப்பு வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

பின்கதவுகளின் வேலை மட்டும் பிற்பாடு செய்தது. அதற்குக் காரணம் உண்டு.

என் மனைவி ஜெயக்கொடி யார் பேசினாலும் சிரித்த முகமாகப் பதில் சொல்வாள். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கினாள். கடைக்காரர், "வழக்கம்போல கால் கிலோதானக்கா?" என்றார். என்னோடு அவள் அந்தக் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய அக்கா வீடு அடுத்த தெருவில் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் பால்கோவா வாங்குவதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

அந்த வாரமே பின்கதவுகளின் உள்பக்கக் கைப்பிடிகளைக் கழற்றினேன். கண்ணாடியை இறக்கும் பிடிகளையும் எடுத்துவிட்டேன்.

"ஏங்க, நான் எறங்கணும்னா?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"நான் தொறந்து விடுதேன்" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் தளவாய்புரத்திலிருந்து சௌந்தரபாண்டியன் என்ற நைட்டி வியாபாரி வண்டியை விலைக்குப் பார்க்க வந்தார். மனைவி வெள்ளைத்தாயும் கூட வந்திருந்தார். சௌந்தரபாண்டியன் பானெட்டைத் திறந்து பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அந்த அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். செத்த நேரத்தில் உள்ளிருந்து தட்டினார். நான் போய்த் திறந்துவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, உள்ள பிடியே இல்ல?"

"பிள்ளைக தொறந்து விழுந்திரக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?"

இல்லை என்றேன். அவர் குனிந்து, கைப்பிடி இருந்த துளையை நகத்தால் நெம்பினார். முறிந்த கொண்டை ஊசி ஒன்று வெளியே வந்தது.

"ஒங்க வீட்டம்மா இந்த வண்டியிலதான செத்துப்போனாவ?"

"ஆமா. வர்ற வழியில மயக்கம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு புருஷனிடம், "எந்திரிங்க, போவோம். இந்த வண்டி நமக்கு வேண்டாம்" என்றார். ஊசியைத் திருப்பித் தரவில்லை. அதுதான் இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறாம் வருஷம், மே மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜுக்கு எதிரே, மூடிக்கிடந்த ஆலை மதிலோரம் வண்டியை நிறுத்தினேன். மத்தியானத்தில் அங்கே நடமாட்டம் இருக்காது. பத்து நிமிஷத்தில் வருவதாக ஜெயக்கொடியிடம் சொல்லிவிட்டு, முன்கதவுகளைப் பூட்டி, சுற்றிப்போய் லாட்ஜின் மாடியறையில் உட்கார்ந்தேன். காலையிலேயே எடுத்து வைத்திருந்த அறை. அவள் தனியாக இருப்பது தெரிந்தால், அவளோடு பழகுகிறவன் எவனோ, அவன் வருவான், பார்த்துவிடலாம். அவ்வளவுதான் என் எண்ணம்.

ஒரு மணிக்கு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கதவில் ஏதோ செய்தாள். பிறகு கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் தட்டினாள். வண்டி லேசாக ஆடியது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டேகாலுக்குத் தட்டுவது நின்றது. மூன்று மணிவரை பொறுத்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். தட்டும்போது அவள் தெருவைப் பார்க்கவில்லை. நான் இருந்த மாடியையே நிமிர்ந்து பார்த்துத் தட்டினாள். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. அப்படியென்றால் பக்கத்து ஜன்னலில் நின்றிருக்கிறான். லாட்ஜ் ரிஜிஸ்டரில் அவன் பெயர் இருக்கும், சார். அவனை விட்டுவிடாதீர்கள்.