பச்சை விளக்கு

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பிற்பகலில் பஸ் ஏறினால் வலப்பக்கம் உட்கார வேண்டும், இன்ஸ்பெக்டர். வெயில் படாது. இன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். நீங்கள் ஆள் அனுப்பியிருக்கவே வேண்டாம்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசும்போது நடுவில் ஒருவன் புகுந்து ஏமாற்ற முடியுமா என்று தானாகவே ஆராய்ந்து சொல்லும் மென்பொருள் ஒன்றை எழுதினேன். அவன் செய்யக்கூடிய அத்தனை தில்லுமுல்லையும் அதுவே போட்டுப் பார்த்துவிடும்.

மீனவர் படகுகளில் வைத்திருக்கும் புயல் எச்சரிக்கைக் கருவியை அதனிடம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் கடலுக்குப் போகக் கூடாது, பச்சை என்றால் போகலாம். கரையிலிருந்து வரும் செய்தியில், அதை அனுப்பியது கரை நிலையம்தான் என்று காட்டும் முத்திரை இருந்தது. எப்போது அனுப்பியது என்ற அடையாளம் இல்லை. போன வாரத்துப் பச்சையைப் பிடித்து வைத்து இன்று அனுப்பினாலும் கருவி நம்பிவிடும். மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

கருவி செய்த கம்பெனிக்கு எழுதினேன். பாலகுமார் என்ற பொறியாளர் போனில் பேசினார். "கடலூர்ல யாரு மேடம் வந்து இதப் பண்ணப் போறா? காகிதத்துல எதையும் நிரூபிக்கலாம்."

சரி, காகிதம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வெயில் அடித்த ஒரு நாளில் பச்சையைப் பதிவு செய்தேன். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிச் சிவப்பு வந்த அன்று, துறைமுகத்தில் காரில் உட்கார்ந்தபடி அந்தப் பழைய பச்சையை அனுப்பினேன். படகுகள் கிளம்பின. பெரும்பாலானவை காற்று ஏறுவதற்குள் திரும்பிவிட்டன. தட்சிணாமூர்த்தியும் அவர் மகன் விஜயகுமாரும் திரும்பவில்லை.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். இப்போது எல்லாப் படகிலும் கருவியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் எந்தக் களவாணியும் இதைச் செய்ய முடியாது. அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. மங்கம்மா என் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். கணவனையும் மகனையும் இழந்தவள், அவளுக்கு இது புரியாது. உங்களுக்குப் புரிய வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்தக் கருவியைப் பார்க்கப் படகுத்துறைக்குப் போனபோது தட்சிணாமூர்த்தி என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். அன்று கிளம்பும் முன் கூப்பிட்டார்.

"யம்மா, மொதல்ல செவப்பு காட்டுச்சு, இப்பப் பச்சை காட்டுது. நீங்க படிச்சவுங்க. எத நம்புறது, போலாமா?"

என் விரல் அந்த அனுப்பும் பொத்தானை விட்டு அப்போதுதான் எழுந்திருந்தது.

"கடைசியா வந்ததத்தான் நம்பணும்" என்றேன்.

அந்தக் கருவி அப்படித்தான் வேலை செய்கிறது, இன்ஸ்பெக்டர். நான் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.