சிங்கம் இல்லாத மன்னிப்பு

— அந்த வரி முடிஞ்சதும் இடி இடிக்கணும்ண்ணே. கூடவே ஒரு சிங்கம் கர்ஜிக்கணும்.

— மன்னிப்புக் கேக்குற பாட்டுக்கு எதுக்கு தம்பி சிங்கம்?

— பூகம்பம் மன்னிப்புக் கேட்டா சும்மாவா கேப்பான்? சரித்திரம்ண்ணே இது! ராப் பாடுற எவனாவது, “ஆம்பளைய நேசிக்கிற ஆம்பளைய நான் கேவலமாத் திட்டினேன், தப்பு”ன்னு மைக்குல சொல்லியிருக்கானா?

— பூகம்பமாம். உங்கம்மா வச்ச பேரு ஞாபகம் இருக்கா? வரி தனியா நிக்கட்டும் தம்பி, அதுவே போதும். ரொம்ப நன்றி.

— நன்றியா? ஆறு வருஷமா என் பாட்டையெல்லாம் மிக்ஸ் பண்றீங்க. ஒண்ணையாவது நல்லாருக்குன்னு சொன்னதில்ல.

— இருந்தாத்தானே சொல்றதுக்கு.

— சரி, இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. லாரி ஓட்டுற ஒருத்தன் கடுதாசி போட்டான். “எனக்குப் பிடிச்சவனும் ஒரு ஆம்பளதான். வீட்ல, டீக்கடையில, பாட்டுல, எங்க போனாலும் எங்களத் திட்டுறாங்க. உங்க முதல் ஹிட்டுலதான் திட்டு இல்ல. அதப் போட்டுக்கிட்டுதான் வண்டி ஓட்டுறேன். நன்றிண்ணா”ன்னு.

— சந்தோஷப்பட வேண்டியதுதானே?

— எங்க சந்தோஷம்! ரெண்டாவது சரணத்துல அந்த வார்த்தையத் தொண்டை கிழியக் கத்தினதே நான்தானே? இதே கண்ணாடி ரூம்ல! ஹாரன் அடிச்சு அடிச்சு அவனுக்குக் காது போயிருக்கும்னு நெனச்சேன். மூணு நாள் சோறு எறங்கல. நாலாவது நாள் இதை எழுதிட்டேன்.

— அவன் காது நல்லாத்தான் இருக்கு. உன் பாட்ட நீ முழுசாக் கேட்டிருக்கியா?

— முதல் சரணம் கேப்பேன். அதுலதான் என் பேரு பதினோரு தடவ வருது.

— இந்தா, ஹெட்ஃபோன மாட்டு. ரெண்டாவதையும் கேளு.

— ம்... ம்... அண்ணே! வார்த்தையக் காணோம்! அந்த இடத்துல டம்முன்னு ஒரு டிரம்தான் விழுது!

— நான் வச்சதுதான். சரியா வார்த்தை தலை மேலயே.

— அதான் மேடையில அந்த இடம் வந்ததும் ஜனம் மொத்தமும் “டம்”முன்னு கத்துதா! நான் கத்துறது எனக்கே கேக்காது. என் தைரியத்துக்குக் குடுக்குற மரியாதைன்னுல்ல நெனச்சேன்?

— டிரம்முக்குக் குடுத்தது.

— இருங்க, இருங்க. அப்ப அந்த வார்த்தை யார் காதுலயும் விழல. நான் திட்டினதே யாருக்கும் தெரியாது! அப்புறம் எதுக்குண்ணே இந்த மன்னிப்பு? அந்த வரியத் தூக்கிருங்க. “வெறுப்பு வேணாம்”னு பொதுவா ஒண்ணு பாடிடுறேன், சிங்கத்தோட. லாரிக்காரனும் நிம்மதியா ஓட்டிக்கிட்டிருப்பான்.

— வேணாம் தம்பி. அந்த வரி இருக்கட்டும். உன்கிட்ட நான் எதையும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்குறேன்.

— டிரம்ம வச்சுக் காப்பாத்தினதே நீங்க. இப்ப நீங்களே என்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்க! யாருமே கேக்காத வார்த்தைக்கு யார்ண்ணே மன்னிப்ப எதிர்பாத்து உக்காந்திருக்கான்?

— டிரம் விழ வேண்டிய இடத்தப் புடிக்க, அந்த வார்த்தைய நாப்பது தடவ திருப்பித் திருப்பிப் போட்டேன். நாப்பது தடவையும் நீ திட்டினது என்னைத்தான் தம்பி. இன்னைக்கு அதே ஹெட்ஃபோன்ல, அதே குரல் “தப்பு”ன்னு சொல்லுச்சு. அதுக்குத்தான் நன்றி சொன்னேன்.

— மைக்க ஆன் பண்ணுங்கண்ணே. சிங்கம் வேணாம். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சு, இன்னொரு தடவ சொல்றேன்.