காணப்படவில்லை என்று நான் வாசித்த டிஸ்க்

எழுத்து கோணலாகவும் பெரிதும் சிறிதுமாகவும் இருப்பதை அதிகாரி அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிலைய எழுத்தர் எழுதித் தருவதாகத்தான் சொன்னார். நான்தான் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். படிக்கக் கற்றுக்கொண்டது போன கோடையில். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுவே முதல் தடவை. காரியம் வருத்தமானது என்றாலும் கைக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

பெயிண்டர் என்றால் தெருவில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். வயது எழுபத்தொன்று. கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் மகன், மருமகளோடு குடியிருக்கிறேன். சுவருக்கு வெள்ளையடித்துப் பிழைத்தவன். முட்டி போன பிறகு, மருமகள் நடத்தும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் துணைக்கு உட்காருகிறேன்.

நேற்றுக் காலை மருந்துக்கடைக்காரர் தம் கம்ப்யூட்டரையும், பிரிக்காத ஒரு புது டிஸ்க் பெட்டியையும் கொண்டுவந்து, பழைய டிஸ்க் கெட்டுவிட்டது, புதியதைப் போட்டு ஓ.எஸ். ஏற்றி வை என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மருமகள் என் கண் முன்னால் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்தது சூயிங்கம் அளவுக்கு ஒரு பட்டை. ஒயர் கிடையாது. அதை போர்டில் செருகி, எறும்பு போன்ற ஒரு திருகால் முடுக்கும்போது திருகு கீழே விழுந்தது. இருவரும் தேடினோம். அது என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து ஓ.எஸ். ஏற்ற ஆரம்பித்தாள். நான் வாசித்துப் பழகட்டும் என்று திரையைத் தமிழில் வைப்பது அவள் வழக்கம். டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்று வந்தது. பென்டிரைவில் இருப்பது இந்த வகை டிஸ்க் வருவதற்கு முன்னால் செய்தது, அதனால் இதை அதற்கு அடையாளம் தெரியவில்லை, டிரைவர் என்று ஒரு சின்ன ஃபைலைச் சேர்த்தால் தெரிந்துவிடும் என்றாள். அதை அவள் ஃபோனில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். பழைய டிஸ்க் இருந்த இடம் காலியாக இருப்பதையும் பார்த்தார்.

"எங்கேம்மா என் டிஸ்க்கு?"

"இதோ சார், போர்டுல இருக்கு பாருங்க."

"இதுவா? தும்மினா பறந்துடும் போல இருக்கு. இதுலயா என் கடை மொத்தமும் ஏறப்போகுது? யாருக்குக் காது குத்துறே?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார், காட்டிடறேன்."

"நீ ஒண்ணும் காட்ட வேணாம். கையை எடு."

அதன் பிறகு, புது டிஸ்க்கை மருமகள் திருடிவிட்டாள் என்று அவர் ஃபோன் செய்ய, காவலர் வந்தார். காவலர் கண்ணாடி கொண்டுவரவில்லை. என்னிடம், "பெரியவரே, என்ன போட்டிருக்கு, படிங்க" என்றார். நான் எழுந்து நின்று, எழுத்தெழுத்தாக, சத்தமாக வாசித்தேன். வெளியாள் ஒருவர் என்னைப் படிக்கச் சொன்னது அதுதான் முதல் முறை. முடித்த பிறகுதான் எல்லோரும் மருமகளைப் பார்ப்பதைக் கவனித்தேன். "வீட்டு ஆளே சொல்லிட்டாரு" என்றார் மருந்துக்கடைக்காரர். மருமகள் என்னிடம், "தப்பில்லாம வாசிச்சீங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி அரக்கு வைத்தார்கள். காவல் நிலையத்துக்கு வந்து, திறந்து அந்தத் திருகையாவது பாருங்கள் என்று கேட்டேன். நிபுணர் அடுத்த வாரம்தான் வருவார், அதுவரை முத்திரையைத் தொடக் கூடாது என்றார்கள். மாமனார் சொல்வது எடுபடாது, வாசித்தது மட்டும் எடுபடும் என்றார் எழுத்தர். மூட்டை இதே மேசையில், எழுதும்போது முழங்கை இடிக்கும் தூரத்தில் இருக்கிறது. மருமகள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள். கடைச் சாவி அதிகாரியின் இழுப்பறையில் இருக்கிறது.

நான் வாசித்தது உண்மை. டிஸ்க் உள்ளே இருப்பதும் உண்மை. எழுத்துத் தெரியாத காலத்தில் எத்தனையோ சுவர்களில் வெள்ளையடித்தேன். சுவரில் என்ன இருந்தது என்று அன்று யார் கேட்டிருந்தாலும், கறை இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தது எழுத்து.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான். யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. அடுத்த வாரம் முத்திரையை உடைக்கும்போது என்னைக் கூப்பிட்டால், அன்று பார்ப்பதையும் இதே கையால் எழுதித் தருகிறேன். அதுவரை மருமகளை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். கைநாட்டுக்கு மை டப்பா வேண்டாம்.

கையெழுத்து:
பெயிண்டர்