நூறாவது ஆள்

நண்டுக் கறியை இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட வேண்டும், ஐயா. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் தெருவில் என் கடைக்கு வரும் எல்லோருக்கும் இதைச் சொல்வேன். பிள்ளைகளோடு இங்கே தனியே இருக்கும் மேரிறோஸுக்கும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நான் கெடுதல் நினைத்தவனில்லை. என் வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

2010இல் ஐரோப்பா இலங்கைக்குக் கொடுத்த வரிச்சலுகையை நிறுத்தியது. மன்னாரிலிருந்து நான் இறக்கிய நண்டுச் சதை விலை ஏறிப்போனது. இராணுவம் பிடித்துவைத்திருந்த கரையில் நண்டு ஆலை நடத்திய வின்சன்ற் ஒரு வழி பிடித்தான். போர் முடிந்து தடுப்பு முகாமில் அடைபட்ட ஆட்கள் நூறு பேரை வேலைக்கு வைத்தால் அரசாங்கம் ஏற்றுமதி மானியம் கொடுக்கும். ஓர் ஆள் குறைந்தாலும் கிடையாது.

நண்டு மலிந்தது. சனம் சந்தோஷமாக வாங்கியது. அடுத்த தையில் ஆலை ஆட்களில் ஒருவன் செத்துப்போனான்.

"அண்ணை, ஒராள் குறையுது. வாற கிழமை மானியக்காரர் ஆக்களை எண்ண வருவினம்," என்றான் வின்சன்ற் தொலைபேசியில்.

மேரிறோஸின் கணவன் மடுத்தீன், அந்தத் தடுப்பு முகாமிலிருந்து தப்பியவன். அவன் இருக்கும் இடத்தை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"பேசாலையிலை மாமி வீட்டிலை நிக்கிறார், அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லுவனோ, தங்கச்சி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். ஒளிந்திருப்பவனுக்கு ஒழுங்கான சாப்பாடு ஏது? ஆலையில் மூன்று நேரமும் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் வின்சன்றுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த வீட்டைச் சொன்னேன்.

ஒவ்வொரு பொதிக்குள்ளும் நண்டுச் சதையைக் கோதி எடுத்த ஆளின் இலக்கம் எழுதிய துண்டு இருக்கும். அடுத்த மாதம் மடுத்தீனின் நூறாம் இலக்கம் வந்தது. அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டு, பொதிகளை அவளுக்கென்று எடுத்துவைத்தேன். புருஷன் கை பட்டது அவன் வீட்டுக்கே போகட்டுமே.

"ஏன் அண்ணை எனக்கு மட்டும் சும்மா தாறீங்கள்?"

"பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடு. அவரைப் பற்றி நான் விசாரிக்கிறன்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கேட்டாள். விசாரிக்கிறேன் என்றே சொன்னேன்.

ஆவணியோடு நூறாம் இலக்கம் நின்றுவிட்டது. காய்ச்சலில் போய்விட்டான் என்றான் வின்சன்ற். அதற்குப் பிறகு குளிர்பெட்டியைத் திறந்தால் என் கை தானாக அந்த இலக்கத்தைத் தேடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

மடுத்தீனைக் காட்டிக்கொடுத்தது நான்தான். கடைசிப் பொதி ஒன்று குளிர்பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதை மேரிறோஸிடம் சேர்த்துவிடுங்கள். காசு வேண்டாம் என்று அண்ணை சொன்னதாகச் சொல்லுங்கள்.