கோட்டுக்கு வெளியே ஐம்பத்தெட்டு

ஸாஜித்: கதிரையில இருக்காத மச்சான், முறிஞ்சிரும். மீன் பெட்டியில குந்து.

கீதன்: பெட்டியும் முறிஞ்சா?

ஸாஜித்: மண்ணுல இரு. நம்மட கண்டக்குழிக் கடற்கரை மண் உன்னத் தாங்கும்.

கீதன்: இங்கயிருந்து போகேக்க நான் ஈர்க்கில் மாதிரி...

ஸாஜித்: இப்ப லொறி மாதிரி. கனடாவுல என்னத்தடா தின்னக் குடுத்தாங்க?

கீதன்: எல்லாம் விளையாட்டுக்குத்தான். பந்து வச்சிருக்கிறவனுக்கு முன்னால மதில் மாதிரி நிண்டு, வாறவனைத் தள்ளோணும்.

ஸாஜித்: தெரியும், அந்த முட்டைப் பந்து. உங்கட கழகம் கிண்ணம் வெண்டதுக்கு, பின்னேரம் வாப்பா மைக்கில உன்னப் பத்திப் பேசப் போறாரு. ஊரே வரும்.

கீதன்: ஸாஜித்... அதை நிப்பாட்டேலாதா?

ஸாஜித்: ஏன், வெக்கமா?

கீதன்: நான் வந்தது நன்றி சொல்ல. சண்டைக்குள்ள ஓடி வந்த எங்களுக்கு உன்ர வாப்பாதானே கரையில நிண்டு இழுக்கிற கரைவலையில பங்கு தந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் கயிறு பிடிச்சன்.

ஸாஜித்: பிடிச்சியா? தொங்கினாய்!

கீதன்: நீ பின்னால நிண்டு ஏசுவாய். 'குதிய மண்ணுல புதைடா, இடுப்பத் தாழ்த்துடா.' அங்க முதல் நாள் அதைத்தான் செய்தன். ஒருத்தராலும் என்னை அசைக்கேலாமப் போச்சு. அண்டைக்கே கழகத்தில எடுத்திட்டினம்.

ஸாஜித்: அப்ப கிண்ணம் வெண்டது நான்தான்!

கீதன்: கழகம் வெண்டது. நான் வெல்லேல்லை.

ஸாஜித்: என்ன கதை இது?

கீதன்: ஏழு வருசமும் பயிற்சியில எதிரணிக்காரன் மாதிரி நிக்கிறதுதான் என்ர வேலை. எங்கட ஆக்கள் என்னைத் தள்ளிப் பழகுவினம். ஆட்டத்தண்டு ஐம்பத்தெட்டாம் நம்பர் சட்டையப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியில நிப்பன். ஒருநாளும் உள்ளுக்கு இறக்கேல்லை.

ஸாஜித்: இனியும் போவியா?

கீதன்: இப்ப முழங்காலும் போச்சு. விட்டிட்டன். உன்ர வாப்பா என்னைப் பெரிய வீரன் எண்டு சொல்ல, நான் முழிச்சுக்கொண்டு நிக்கேலாதடா. அந்த மனுசனை ஏமாத்தேலாது. நீ போய்ச் சொல்லு.

ஸாஜித்: என்னத்த செல்ல?

கீதன்: அவன் விளையாடவே இல்லையெண்டு.

ஸாஜித்: அது வாப்பாவுக்குத் தெரியும்.

கீதன்: என்ன...?

ஸாஜித்: விடிய சுபஹு தொழுதிட்டு வந்து, வாப்பா, நான், நம்மட வலைக்கார இன்னாசித்தம்பி மூணு பேரும் உங்கட ஆட்டத்த என்ட போனில பார்ப்போம். வலை இழுக்கக்குள்ள ஒரு செட்டு இழுக்க, மத்த செட்டு இளைப்பாறும்தானே? நீயும் இளைப்பாறுறாய், அடுத்த தரம் இறங்குவாய் எண்டு ரெண்டு வருசம் பார்த்துக்கொண்டு ஈந்தோம்.

கீதன்: ஐயோ... பிறகு?

ஸாஜித்: பிறகு விளங்கிச்சு. ஆனாலும் பார்க்கிறத விடல்ல.

கீதன்: நான் இல்லாத ஆட்டத்தில என்னத்தையடா பார்த்தனீங்கள்?

ஸாஜித்: நீ கோட்டுக்கு வெளியில ஈந்தாய்தானே. ஒருநாள் ஒருத்தன் அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்தான். உன்ட இடத்துல விளையாடுறவன். நீ ஓடிப்போய் அவனத் தாங்கி, தண்ணி குடுத்தாய். வாப்பா போனத் தொட்டுத் தொட்டு, 'இது நம்மட வலையில ஈந்த புள்ள' எண்டாரு. பின்னேரம் மைக்கில செல்லப் போறது அதைத்தான்டா.