தலைவருக்குக் கால் மாத்திரை

இருங்க நர்ஸம்மா, அவரைப் பார்க்க என்ன அவசரம்? திரைக்குப் பின்னால தூங்குறாரு. பாயில உக்காருங்க, காலை மடக்கிக்கோங்க. கொக்கோ ஊத்தட்டுமா? வேண்டாமா? சரிதான், எங்க வீட்டுக் கொக்கோ உங்களுக்கு எறங்காது.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன மாசம் வரைக்கும் என் வீட்டுக்காரருக்கு ராத்திரிக்கு நாலு மாத்திரை. முழுசு முழுசா நாலு. நேத்து நீங்க வந்து ஒத்த மாத்திரைய நாலா ஒடச்சு, அதுல ஒரு துண்டை என் கையில வெச்சுட்டுப் போறீங்க. மீதியெல்லாம் எங்க போச்சு?

தெரியும், தெரியும், நேத்தே சொன்னீங்க. அபியா பட்டணத்துல என் நாத்தனார் சாவுக்கு இவரு போன எடத்துல கடல் கொந்தளிச்சு கப்பல் நின்னுபோச்சு. மாத்திரைய இங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. ரெண்டு வாரத்துல ஒடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, இனிமே துளித்துளியா ஏத்தணும், ஒரேயடியாக் குடுத்தா ஆளையே சாய்ச்சுரும். அடேங்கப்பா! பொறந்ததுலருந்து சேப்பங்கிழங்கு திங்கிற மனுசன், ரெண்டு வாரம் திங்கலன்னா கிழங்கு வெஷமாயிருமா?

சிரிக்காதீங்க. இந்த ஊர்ல பன்னி அறுத்தா தொடை தலைவருக்கு, தலை அடுப்படிப் பசங்களுக்கு. பங்கைப் பார்த்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சுரும். என் வீட்டுக்காரர் பெசமினோவுக்குத் தலைவர் பட்டம் கட்டுன நாள்லருந்து உங்க பெரியப்பாவுக்கு வயிறு எரியுது. அது தனக்கு வரவேண்டிய பட்டமாம். அந்த வீட்டுப் பொண்ணு வந்து எங்க தலைவருக்குக் கால் துண்டு அளக்குது!

வெள்ளிக்கிழமை பட்டத்தைப் பத்திக் கோர்ட்டுல விசாரணை. கப்பல்லருந்து எறங்குன நாளா இந்த மனுசன் தூணோட பேசிட்டிருக்காரு. அன்னைக்கும் ஜட்ஜய்யா முன்னாடி நின்னுக்கிட்டு, மண்டைக்குள்ள கேக்குற குரலுக்கெல்லாம் பதில் சொன்னா யாருக்கு லாபம்? நீங்களே சொல்லுங்க.

டாக்டர் சொன்னாரா? அவரும் உங்க பெரியப்பாவும் ஒரே சர்ச்சுல பக்கத்துல பக்கத்துல நின்னு பாடுறவங்கதானே. போங்கம்மா.

இல்ல, இப்ப எழுப்ப வேண்டாம். எத்தனை நாள் கழிச்சுத் தூங்குறாரு, பாவம். நேத்து பழைய மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கேட்டீங்கல்ல? எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னேன். எலியாவது பூனையாவது, என் துணிப்பெட்டிக்குள்ளதான் இருக்கு. உங்க துண்டைத் தூக்கி எறிஞ்சுட்டு, ராத்திரி என் கையாலயே முழு மாத்திரை நாலையும் குடுத்தேன். தலைவருக்குக் குடுக்கவேண்டிய பங்கு. அதுக்கப்புறம் ஒரு பேச்சு இல்ல, மொனகல் இல்ல. காலையில தொட்டுப் பார்த்தேன், அசையவே இல்ல. கை கொஞ்சம் ஜில்லுன்னு இருந்துச்சு, போர்த்திவிட்டுட்டு வந்தேன்.

ஐயய்ய, ஏன் இப்படி எந்திரிச்சு ஓடுறீங்க? தலைவர் படுத்திருக்குற எடம் நர்ஸம்மா. குனிஞ்சு போங்க.